பைக் வீல் பேலன்ஸிங்: வீட்டு வராந்தாவிலேயே செய்வதற்கு முழுமையான வழிகாட்டி

முன் டயர் மாற்றிய மறு வாரம் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பினேன். பாடாலூர் தாண்டி ரோடு காலியானதும் வேகம் 75-ஐத் தொட்டது. ஹேண்டில்பார் கைக்குள் துடிக்க ஆரம்பித்தது. 90-க்கு ஏற்றினால் கொஞ்சம் அடங்கும், இறக்கினால் மறுபடி வரும். பெரம்பலூர் வருவதற்குள் உள்ளங்கை மரத்துப்போனது. ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கோன்செட் போயிருச்சு தம்பி" என்றார்கள். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங் அது. ஆயிரத்துச் சொச்சம் செலவழித்து மாற்றினேன். கோன்செட் புதுசு, துடிப்பு மட்டும் பழசு.

கடைசியில் சக்கரத்தைக் கழற்றி, வராந்தாவில் இரண்டு ஸ்டூலுக்கு நடுவே தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரே இடத்தில் 35 கிராம் கனம் கூடுதல். எதிர்ப்பக்கத்தில் அதே அளவு எடை ஒட்டி அதைச் சரிசெய்ய ஆன செலவு ஒரு பிரியாணிக் காசுகூட இல்லை. அன்றிலிருந்து என் வண்டிக்கும் நண்பர்கள் வண்டிக்கும் நானேதான் பேலன்ஸ் செய்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

35 கிராம் என்ன செய்துவிடும்?

நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தில் ஒன்றும் செய்யாது. சுற்றும்போதுதான் வினை. என் வண்டி கிளாசிக் 350, முன் டயர் 100/90-19. ரிம் ஓரத்தில் வெறும் 20 கிராம் கூடுதலாக இருந்தாலே, 40 கி.மீ. வேகத்தில் அது சக்கரத்தை வெளிப்பக்கமாகச் சுமார் அரைக் கிலோ பலத்தோடு இழுக்கும். 80-ல் அந்த இழுப்பு 2 கிலோ, 100-ல் 3 கிலோவுக்கும் மேல். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்காகிறது. 80-ல் சக்கரம் நொடிக்குப் பத்துப் பதினோரு தடவை சுற்றுகிறது. அத்தனை தடவையும் யாரோ ஆக்ஸிலில், அதாவது சக்கரத்தின் நடுத் தண்டில், சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி. அந்தத் தட்டலும் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கால்கள்) இயல்பான அசைவும் ஒரு வேகத்தில் ஒத்துப்போகும்போது துடிப்பு பெரிதாகிவிடும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, தாண்டினால் குறைவது அதனால்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். டவுனுக்குள் 50-ஐத் தாண்டாத ஸ்ப்ளெண்டரை வைத்துக்கொண்டு "பைக்குக்கு எதுக்கு பேலன்ஸிங்" என்று கேட்கிற பஞ்சர் கடை அண்ணன் சொல்வதில் தப்பில்லை. அந்த வேகத்துக்கு அது தெரியவே தெரியாது. ஹைவேயில் 70-க்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டுபவர்களுக்குத்தான் இந்த வேலை.

சக்கரத்தில் கை வைக்கும் முன்

பேலன்ஸ் என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். மற்ற எல்லாம் சரியாக இருந்தால்தான் இதற்கு அர்த்தம். நான் பட்ட அவதியை நீங்கள் தலைகீழாகப் படக்கூடாது. அதாவது, நிஜமாகவே கோன்செட் போயிருக்கும்போது வீலை பேலன்ஸ் செய்துகொண்டு உட்காரக்கூடாது.

துடிப்பு எஞ்சினுடையதா, சக்கரத்தினுடையதா? காலியான நேர் ரோட்டில் துடிப்பு வரும் வேகத்துக்குப் போய், ஆக்சிலேட்டரை விட்டு கிளட்ச்சைப் பிடியுங்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியதும் துடிப்பு நின்றால் அது எஞ்சின் பக்கத்து விவகாரம். வண்டி உருள உருளத் துடிப்பும் தொடர்ந்தால் சக்கரம், டயர், கோன்செட் பக்கம் பாருங்கள். ஹேண்டிலில் இருந்து கையை எடுத்துப் பார்க்கும் பரீட்சை வேண்டவே வேண்டாம். யூடியூபில் பார்க்க நன்றாக இருக்கும், ரோட்டில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

பிறகு காற்று. டயர் ஆறியிருக்கும்போது, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி பின்பக்கம் ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கோன்செட் தளர்வு. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது லூசாக ஆடினால் கோளாறு வீல் பேரிங்கில். ஸ்போக் சக்கரமென்றால் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக்கொண்டே வாருங்கள். டைட்டான ஸ்போக் 'டிங்' என்று பாடும், தளர்ந்தது 'தொட்' என்று செத்த சத்தம் போடும்.

அடுத்து கோட்டம். ஃபோர்க்கில் ஒரு கேபிள் டை கட்டி, அதன் நுனி ரிம் ஓரத்தை உரசியும் உரசாமலும் நிற்கும்படி வெட்டிவிட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். நுனிக்கும் ரிம்முக்கும் இடையிலான இடைவெளி விரிந்து சுருங்குவதுதான் கோட்டம். பக்கவாட்டிலும் பாருங்கள், மேல்-கீழாகவும் பாருங்கள். பல கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்களில் இரண்டுக்கும் 2 மி.மீ. தான் எல்லை. அதைத் தாண்டினால் முதலில் கோட்டம் எடுக்கிறவரிடம் கொண்டுபோங்கள். பள்ளத்தில் அடிவாங்கி நசுங்கிய அலாய் வீலை ஈயம் ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

பலரும் பார்க்காமல் விடுவது டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை. டயரின் பக்கச்சுவரில், ரிம்மை ஒட்டினாற்போல ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் கோடு உள்ளே முங்கியிருந்தால் டயர் அங்கே உட்காரவில்லை, உருளும்போது அந்த இடம் பள்ளம். காற்றை இறக்கி, அந்த ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்றடித்தால் பெரும்பாலும் 'டப்' என்ற சத்தத்தோடு உட்கார்ந்துவிடும். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டி அடிக்காதீர்கள். என் டயரில் 35 கிராம் கனத்தோடு இந்தக் குறையும் சேர்ந்திருந்தது. மாற்றிய கடையில் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

டயர் மாற்றும்போதே பார்க்க வேண்டியது மஞ்சள் புள்ளி. புது டயர்கள் பலவற்றின் பக்கச்சுவரில் மஞ்சள் நிறத்தில் சின்ன வட்டம் இருக்கும். டயரின் லேசான இடம் அது. வால்வு இருக்கும் இடம் பொதுவாகச் சக்கரத்தின் கனமான பக்கம் என்பதால், புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் எல்லா ரிம்மிலும் வால்வு பக்கம்தான் கனம் என்று இல்லை. டயர் கழற்றிய நேரத்தில் வெறும் ரிம்மை, கீழே சொல்லப்போகும் பேலன்ஸ் ஸ்டாண்டில் வைத்து, எந்தப் பக்கம் கீழே போகிறது என்று பார்த்துப் பெயிண்டால் குறித்துவிட்டால் ஆயுசுக்கும் உதவும். கூடவே சுழற்சி அம்புக்குறியையும் பாருங்கள். தலைகீழாக மாட்டிய டயரை பேலன்ஸ் செய்து முடித்த பிறகு கவனிப்பது கொடுமை.

ஸ்டாண்டு

காருக்கு மெஷினில் சுழற்றிச் செய்வது டைனமிக் பேலன்ஸிங். கார் சக்கரம் அகலமானது, உள்பக்கக் கனமும் வெளிப்பக்கக் கனமும் தனித்தனியாக ஆட்டம் காட்டும். நம் பைக் சக்கரம் ஒல்லி. மேலே-கீழே என்ற கணக்கு சரியானாலே போதும். அதற்குப் பூமியின் ஈர்ப்பே தராசு. சக்கரத்தைத் தடையில்லாமல் சுற்ற விட்டால் கனமான இடம் தானே கீழே வந்து நிற்கும். முழு வித்தையும் அந்த 'தடையில்லாமல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

ஆக்ஸிலின் இரு முனைகளையும் ஸ்டூல் மேல் வைத்து, வீல் பேரிங்கிலேயே சுற்றவிட்டால் ஓரளவுதான் வேலை நடக்கும். வீல் பேரிங்கில் கிரீஸும் ரப்பர் சீலும் உண்டு, அவை பிடித்துக்கொள்ளும். 10, 15 கிராம் வித்தியாசத்தைக் காட்டாமலே மறைத்துவிடும். நான் செய்தது இது: ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருகிற 608 பேரிங் நாலு வாங்கினேன். உள் துளை 8 மி.மீ., வெளி விட்டம் 22 மி.மீ. இரண்டிரண்டாக, அருகருகே, இரும்பு ஆங்கிள் துண்டில் 8 மி.மீ. போல்ட் போட்டு மாட்டினேன். இரண்டு பேரிங்குக்கு நடுவே விழும் பள்ளத்தில் ஆக்ஸில் உட்காரும். வீல் பேரிங் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கவலையில்லை, ஆக்ஸிலும் சக்கரமும் சேர்ந்தே சுற்றிவிடும். புது 608 பேரிங்கிலும் கிரீஸ் இருக்கும். மூடியை நெம்பி எடுத்து, பெட்ரோலில் அலசி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் ஊதினாலே சுற்ற ஆரம்பித்தது. பெட்ரோல் வேலையை வெளியில், அடுப்புக்கு எட்டாத இடத்தில் செய்யுங்கள்.

ஸ்டூலுக்கு ஒன்றாக வைத்த இரண்டு ஆங்கிளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் அட்டை மடித்து ஸ்டூல் காலுக்குக் கொடுங்கள். இன்னொன்று: மின்விசிறியை அணைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். முதல் நாள் அரை மணி நேரம் சக்கரம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றதற்குக் காரணம் தலைக்கு மேல் ஓடிய ஃபேன்.

கனமான இடத்தைப் பிடிப்பது

முன் சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் பேடுகளுக்கு நடுவே ஒரு மடித்த அட்டையைச் செருகிவிடுங்கள். வீட்டில் யாராவது பிரேக் லீவரை அமுக்கிவிட்டால் பேடு ஒட்டிக்கொண்டு வேலை இரட்டிப்பாகும். ஏபிஎஸ் வண்டியில் சென்சாரையும் அதன் வளையத்தையும் இடிக்காமல் எடுங்கள். கேபிள் மீட்டர் உள்ள பழைய வண்டியில் மீட்டர் டிரைவையும், டிரம் பிரேக் என்றால் பிரேக் தட்டையும் தனியே எடுத்துவிட வேண்டும். அவை சக்கரத்தோடு சுற்றாதவை. டிஸ்க் சுற்றும், அது இருக்கட்டும். டயர் இடுக்கில் சிக்கிய கற்கள், ரிம்மில் காய்ந்த சேறு, போன டயருக்கு ஒட்டிய பழைய வெயிட் எல்லாவற்றையும் நீக்குங்கள்.

ஸ்பேசர்களோடு (ஆக்ஸிலில் இடைவெளிக்காக வரும் சின்னக் குழாய்கள்) ஆக்ஸிலைச் செருகி ஸ்டாண்டில் வையுங்கள். லேசாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சக்கரம் வேகம் குறைந்து, ஒரு கணம் நின்று, பின்னால் திரும்பி, ஊஞ்சல் மாதிரி ஆடி ஓய்ந்து நிற்கும். அந்த ஊசலாட்டம் இருந்தால் ஸ்டாண்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நின்றதும் அடியில் இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். இன்னொரு பக்கமாகச் சுற்றிவிட்டு மறுபடி குறியுங்கள். நாலைந்து தடவை செய்து, குறிகள் எல்லாம் நாலு விரல்கடைக்குள் விழுந்தால் அதன் நடுப்புள்ளிதான் கனமான இடம். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் ஒன்று சக்கரம் ஏற்கெனவே பேலன்ஸில் இருக்கிறது, இல்லையென்றால் ஸ்டாண்டு பிடிக்கிறது. எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரிம்மில் 5 கிராமை டேப் போட்டு ஒட்டி, அந்த இடத்தைக் கடிகாரத்தின் 3 மணி நிலையில் வைத்து விடுங்கள். கீழே இறங்கினால் ஸ்டாண்டு நம்பகமானது.

டயருக்குள் பஞ்சர் திரவம் ஊற்றியிருந்தால் இதெல்லாம் பொய்யாகிவிடும். திரவம் எப்போதும் அடியில் தேங்கும், சக்கரம் நின்ற இடமெல்லாம் கனமான இடமாகவே தெரியும். அதைத் துடைத்து எடுத்த பிறகுதான் பேலன்ஸ்.

வெயிட் போடுவது

கனமான குறிக்கு நேர் எதிரே, அதாவது ரிம்மின் மறுகோடியில், தற்காலிக வெயிட் ஒட்டுங்கள். ஒட்டு வெயிட் 5 கிராம், 10 கிராம் துண்டுகளாகப் பட்டை பட்டையாகக் கிடைக்கும், கார் டயர் கடையில் கேட்டாலே தருவார்கள். சோதிக்கும்போது அவற்றின் பசையை வீணாக்காமல் நான் நாணயங்களை டேப் போட்டு ஒட்டுகிறேன். 2011 வரிசையில் வந்த மஞ்சள் 5 ரூபாய் 6 கிராம், 2 ரூபாய் 4.85 கிராம், ஒரு ரூபாய் 3.79 கிராம். உண்டியலே எடைக்கல் பெட்டி ஆகிவிடுகிறது.

கனமான குறியை 3 மணி நிலையிலும், நாணயங்கள் 9 மணி நிலையிலும் இருக்கும்படி பிடித்து மெதுவாக விடுங்கள். குறி கீழே போனால் நாணயம் கூட்டுங்கள். நாணயப் பக்கம் கீழே போனால் குறையுங்கள். அசையாமல் நின்றால், சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி 12 மணியிலும், பிறகு எதிர்ப்பக்கமும் வைத்து விடுங்கள். எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். 5 கிராம் அளவுக்கு மிச்சம் இருந்தால் விட்டுவிடலாம், அதற்குமேல் துரத்துவது வெட்டி வேலை.

50, 60 கிராமுக்கு மேல் கேட்கிறதா? வெயிட் ஒட்டி மறைக்காதீர்கள். டயரை இறக்கி, ரிம்மின் மேல் அரைச் சுற்று திருப்பி மாட்டுங்கள். ரிம்மின் கனமும் டயரின் கனமும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் இப்போது ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். என் நண்பர் வண்டியின் பின் சக்கரம் 70 கிராம் கேட்டது, டயரை இப்படித் திருப்பியதும் 15-ல் முடிந்தது.

கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒரு சின்னத் தந்திரம். தேவை 10 கிராம், கையில் இருப்பதோ இரண்டு 10 கிராம் துண்டு என்றால், லேசான புள்ளியிலிருந்து (கனமான குறிக்கு நேர் எதிர் இடம்) இரு பக்கமும் 60 டிகிரி தள்ளி ஒவ்வொன்றை ஒட்டுங்கள். இரண்டும் சேர்ந்து அந்தப் புள்ளியில் 10 கிராம் வைத்த பலனையே தரும். ஸ்போக் சக்கரத்தில் சரியான இடத்தில் ஸ்போக் இல்லாதபோதும் இரு பக்கத்து ஸ்போக்குகளில் இப்படிப் பிரித்துப் போடலாம்.

அளவு முடிவானதும் நாணயங்களை எடுத்து எடை போட்டு, அதே எடைக்கு நிரந்தர வெயிட் போடுங்கள். அலாய் ரிம் என்றால் ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, காயவிட்டு, கட்டைவிரலால் அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். ரிம்மின் நடுவில் ஒட்டுவது நல்லது. ஓரத்தில்தான் முடியும் என்றால் இரு பக்கமும் பாதிப் பாதியாக. பிரேக் காலிப்பரோ ஃபோர்க்கோ உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓர் இரவு விட்ட பிறகே ஹைவே. அந்த வாரம் வாட்டர் சர்வீஸ் வேண்டாம், பம்ப் தண்ணீரின் வேகம் புதுப் பசையை உரித்துவிடும்.

ஸ்போக் சக்கரத்துக்கு நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் திருகு) பக்கம் மாட்டும் வெயிட் தனியாக உண்டு, ஆனால் எங்கள் ஊரில் தேடினால் கிடைப்பதில்லை. சால்டரிங் ஈயக் கம்பியைத் தேவையான எடைக்கு வெட்டி, நிப்பிளை ஒட்டினாற்போல ஸ்போக்கில் நெருக்கமாகச் சுற்றி, பிளையரால் இறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் போட்டால் அசையாது. பழைய புல்லட்காரர்கள் செய்கிற வேலை இது. மீன்பிடிக் கடைகளில் கிடைக்கும் பிளவு ஈயக்குண்டையும் ஸ்போக்கில் கவ்வ வைக்கலாம். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காபி.

பின் சக்கரம்

முறை அதேதான். பின் சக்கரக் குறை ஹேண்டிலில் தெரியாது, சீட்டிலும் ஃபுட்ரெஸ்டிலும் தெரியும். பாரம் அதிகமென்பதால் சின்ன வித்தியாசங்கள் உறைக்காது, 10 கிராம் மிச்சத்துக்கு நான் கவலைப்படுவதில்லை. ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) தனி ஹப்பில், தனி பேரிங்கோடு கழன்று வரும் வண்டியானால் கழற்றி வைத்துவிட்டே செய்யுங்கள். மாட்டும்போது செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்கட்டும். சக்கரம் கோணலாக உட்கார்ந்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

மாட்டிய பிறகு

முன் ஆக்ஸிலை மாட்டி, அதைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை இறுக்கும் முன் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி விடுங்கள். இரண்டு கால்களும் இயல்பான இடத்தில் உட்கார்ந்த பிறகு, வண்டிப் புத்தகத்தில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். கிளம்பும் முன் பிரேக் லீவரை அது கெட்டிப்படும் வரை அமுக்கி விடுங்கள். மறந்தால் முதல் தெருமுனையில் லீவர் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது. டயர் புதிது என்றால் முதல் 100 கி.மீ. வளைவுகளில் அடக்கி ஓட்டுங்கள், மேல்தோல் வழுக்கும்.

முன்பு துடித்த அதே ரோடு, அதே வேகம், அதே காற்றழுத்தத்தில்தான் சோதிக்க வேண்டும். நான் மறுபடி பாடாலூர் போனேன். 70, 75, 80. ஹேண்டில் கண்ணாடியில், அதுவரை கலங்கலாகவே தெரிந்த பின்னால் வந்த லாரியின் நம்பர் பிளேட், முதல் தடவையாக எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

ஒட்டிய வெயிட்டுக்குப் பக்கத்தில் ரிம்மில் ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கழுவும்போது கண்ணில் படும். கோடு இருந்து வெயிட் இல்லையென்றால் எங்கேயோ உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். பஞ்சர் போட்டு டியூப் மாற்றினாலோ, டயரை இறக்கி ஏற்றினாலோ ஸ்டூல் இரண்டையும் மறுபடி வராந்தாவுக்கு எடுத்து வர வேண்டியதுதான்.